சொல்லிவிட்டுப் போவது

பாக்கியமேரியை விட்டுப் போகிறவர்கள் யாரும் அவளிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால் ரகளை. அதனால் அவளுடைய அண்ணன் அருள்சாமி, கிணறு வெட்டும் வேலைக்குக் கிளம்புகிற திங்கட்கிழமைகளில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொள்வான். அவள் துணி துவைக்கப் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் குனிந்தபடி ஓடுவான். பாறையில் வெடி வைக்கிற முப்பது வயது ஆள் திருடனைப் போல ஓடுவதைக் கடத்தூர்ப் பக்கம் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

அவன் போனது தெரிந்ததும் அவள் குதிக்கப் போவதாகக் கிணற்று மேட்டில் போய் நிற்பாள். ஆத்தா மிக்கேலம்மாள் கத்துவாள், அக்கம்பக்கம் கூடும், ஆள் அனுப்பி அருள்சாமியை வரவழைப்பார்கள். வந்ததும் “நீதான்ணா எனக்குத் தெய்வம்” என்பாள். மறுநாள் குழம்பில் உப்பு கூட என்று சொன்னால் அதே தெய்வம் நாசமாய்ப் போகிறவன். கையில் தானே வைத்துக்கொண்ட சூட்டுத் தழும்புகள் முழங்கை வரை இருந்தன. புருஷன் வீட்டிலிருந்து மூன்று முறை தானாகத் திரும்பி வந்தாள். நான்காம் முறை அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். அப்போது வயது இருபத்திமூன்று. அவள் அமைதியாக இருக்கிற நாட்களில் வீட்டில் யாரும் அவளிடம் பேசமாட்டார்கள். சும்மா இருக்கிறவளை ஏன் கிளப்ப வேண்டும் என்பது ஆத்தாவின் கணக்கு.

எழுபத்திநாலாம் வருஷம் தை மாதத்தில் ஒரு சூட்டுப் புண் சீழ் பிடித்தது. கட்டுப் போட்ட கம்பவுண்டர், சேலத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போகச் சொன்னார். அந்த டாக்டர் அவளிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு கூட வந்திருந்த ஆத்தாவையும் அருள்சாமியையும் கூப்பிட்டார்.

“பேயிங்களா?” என்றாள் ஆத்தா.

“இல்லீங்க.”

“பைத்தியமுங்களா?”

“அதுவும் இல்லீங்க.”

ஆத்தாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. “அப்ப என்னாதாங்க அது?”

“ரெண்டுக்கும் நடுவுல வரப்பு மேல நிக்கிற மாதிரின்னு பொஸ்தகத்துல எழுதறாங்க. இன்னும் உறுதியா ஒரு பேரு வெக்கல.”

“வரப்பு யாரு நெலத்துல சேர்த்திங்க?” என்றான் அருள்சாமி.

“அதுக்குத்தான் அடிச்சிக்கிட்டிருக்காங்க” என்றார் டாக்டர், சிரிக்காமல். “நமக்குத் தூறல்னா அந்தப் பொண்ணுக்கு அது ஆலங்கட்டி மழை. விட்டுட்டுப் போயிருவாங்கன்னு பயம். நீங்க சொல்லாம ஓடறீங்க. பயந்தது நெசமாயிருது.”

“ஒரு ஊசி போட்டுட்டா...” என்றாள் ஆத்தா.

“இதுக்கு ஊசி இல்லீங்க.”

போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நாளில் வர வேண்டும் என்றார். அவள் கத்தினால் அடிக்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. சாகிறேன் என்றால் விளையாட்டாக எடுக்காமல் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாத நாளிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். மாதம் ஒருமுறை தன்னிடம் கூட்டி வர வேண்டும். குணமாக வருஷங்கள் ஆகும், ஆனால் ஆகும்.

பஸ்ஸில் மகள் தூங்கியதும் ஆத்தா ஆரம்பித்தாள். “பேசறதுக்கா சேலம் வரைக்கும் வந்தோம்? பேசத்தான் நம்மளுக்கும் வாயி இருக்குதே. இன்னொரு வாட்டி கெணத்துக்குப் போனான்னா கோயில்ல கொண்டுபோய்ச் சங்கிலி போட்டுருவேன். நீ குறுக்க வரப்படாது.”

பேய் பிடித்தவர்களைத் தூணில் கட்டி வைக்கிற அந்தக் கோயிலை அருள்சாமி பார்த்திருக்கிறான். சங்கிலி உரசிய கணுக்காலில் ஈ மொய்த்ததையும் பார்த்திருக்கிறான். இருந்தாலும் ஆத்தாவின் பேச்சுக்குத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தங்கைக்கு எதிரில் உட்கார்ந்தான். பாறையில் வெடிக்குத் திரி கிள்ளும்போதுகூட அவன் கை அப்படி வேர்த்ததில்லை.

“மேரி, நாளைக்குக் காரிமங்கலத்துப் பக்கம் வேலைக்குப் போறேன். சனிக்கெழம அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன்.”

குழம்புச் சட்டி சுவரில் உடைந்தது. அவன் எழுந்து போகவில்லை.

“பொய்யி! நீ வரமாட்ட. எம்பொணத்தப் பாக்கத்தான் வருவ!”

“உனக்குப் பயமா இருக்குதுன்னு தெரியுது. சனிக்கெழம வருவேன்.”

“இத்தன நாளும் பொய்யிதான சொன்ன?”

“பொய்யிகூடச் சொல்லல. சொல்லாமத்தான் போனேன்.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவன் அவளைத் தனியாக விடக்கூடாது என்று ஆத்தாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு, காலையில் எல்லோரும் பார்க்க நடுத்தெரு வழியாகப் போனான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, காரிமங்கலத்துப் பக்கம் அவன் வெட்டிக்கொண்டிருந்த கிணற்று மேட்டில் ஆத்தா வந்து நின்றாள்.

“அருளு, வாடா. எனக்குப் பயமா இருக்குது. ரெண்டு நாளா ஒரு சத்தம் இல்ல. கத்தல, ஒன்னத்தையும் ஒடைக்கல. சோறு போட்டா திங்கறா.”

“அதுக்கு?”

“நீ போயிருக்கறப்ப அவ இப்படி இருந்ததே இல்லியே!”

“இப்பக் கூட யாரு இருக்கறாங்க?”

“யாரும் இல்ல. தூங்கிட்டிருந்தா. எழுப்புனா வம்புன்னு வெளிய பூட்டுப் போட்டுட்டு வந்துட்டேன்.”

அருள்சாமி கடப்பாரையைக் கீழே போட்டான். இரண்டு பஸ் மாறி ஊருக்கு வரும்வரை அவனுக்கு ஒரே நினைப்புதான். பூட்டிய வீட்டுக்குள் அடுப்பு இருந்தது, அரிவாள்மனை இருந்தது, கயிறு இருந்தது.

வீட்டின் முன்னால் கூட்டம். பாக்கியமேரி ஓடுகளைப் பிரித்துக்கொண்டு ஏறிக் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சாலம்மாள் கீழே நின்று, இறங்கி வரச்சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. “இன்னிக்கு என்னா கெழம?”

“புதன்.”

“சனிக்கெழமன்னுதான சொன்ன? எதுக்கு இன்னிக்கு வந்த?”

“நீ கெணத்துக்குப் போயிருவியோன்னு ஆத்தா...”

“நான் எங்கடா கெணத்துக்குப் போனேன்? எந்திரிச்சுப் பாத்தா ஆத்தாளக் காணோம், கதவு பூட்டியிருக்குது. எங்கயாச்சும் தெரியறாளான்னு ஏறிப் பாத்தேன். சனிக்கெழம வரட்டும் வரட்டும்னு ரெண்டு நாளா பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கறேன். அது ஒருத்தர் கண்ணுலயும் படல!”

ஓடு ஒன்று பறந்து வந்து ஆத்தாவுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது.

“தப்பு எங்க மேல” என்றான் அருள்சாமி. ஏணியை வைத்துவிட்டு அடியில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கழித்து அவள் இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்ததுதான் வந்துட்ட. இனிமே போகாதண்ணா.”

“நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்குப் போறேன். சனிக்கெழம வருவேன்.”

சட்டைப் பை கிழிந்து அவள் கையோடு வந்தது.

“கூரையப் பிரிச்சவளச் சும்மா உடறதா? கோயிலுக்கு நாள் பாரு” என்றாள் ஆத்தா.

“கெணத்துக்குப் போனாத்தான் கோயிலு. கூரைக்கு நாம பேசல. பூட்டுப் போட்டவங்களுக்கும் அங்க தூணு இருக்குதான்னு வேணும்னா கேட்டுட்டு வர்றேன்.”

ஆத்தா உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கப் போனாள்.

மறுநாள் எட்டு மணி பஸ் கிளம்பியபோது பாக்கியமேரி தலைகூட வாராமல் ஓடி வந்தாள். பஸ்ஸின் பக்கத்தைக் கையால் அடித்து, “நாசமாப் போ! நீ எனக்கு அண்ணனே இல்ல! சனிக்கெழம அஞ்சு மணிக்கு வரல, அப்பறம் பாரு!” என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாருங்க அது?” என்றார் கண்டக்டர்.

“எந்தங்கச்சி” என்றான் அருள்சாமி. “வழியனுப்ப வந்திருக்குது.”