மனப்பாடமான எழுத்துகள்

என் தம்பி இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவன். பணிமனையில் அவனுக்கு 'பைலட்' என்று பெயர். சீட்டில் உட்காரும் முன் காலரைச் சரிசெய்து, பக்கக் கண்ணாடிகளைத் துடைத்து, ஒரு முறை தொண்டையைச் செருமுவான். அந்த அலப்பறையைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் அவனுக்கு ஐந்து வயது மூத்தவள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது என் வேலை. டாக்டர் இல்லை. எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்காரவைத்து, லென்ஸ் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்பவள்.

அவன் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

"அக்கா, எதிர்ல வர்ற வண்டியோட நம்பர் மங்கலா தெரியுது."

"வயசாவுதுல்ல? இன்னும் மாப்பிள்ளைன்னு நெனப்பா?"

சிரித்துக்கொண்டே பவர் பார்த்தேன். சின்ன வித்தியாசம்தான். புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தேன். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தான். இந்த முறை ஆள் களைத்திருந்தான். கைக்குட்டையில் ரத்தக் கறை.

"மூக்குல வருது. இஞ்சின் சூடுதான்" என்றான்.

நானும் சூடுதான் என்று நம்பினேன். எந்தச் சில்லைப் போட்டாலும் நாலாவது வரிக்குக் கீழே அவனால் இறங்க முடியவில்லை. கடைசியாக, நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்பு வட்டை அவன் கண்முன் வைத்தேன். கோளாறு பவரில் என்றால் அந்தத் துளை வழியாக எழுத்து தெளிந்துவிடும். தெளியாவிட்டால் கோளாறு கண்ணுக்குள்ளே. இது எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம்.

தெளியவில்லை.

"டேய், இது கண்ணாடி சமாச்சாரம் இல்ல. நாளைக்கே டாக்டரைப் பாரு."

அவன் முகம் சுருங்கியது. "அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல் செக்கப் இருக்குக்கா. இப்ப டாக்டர்கிட்ட போனா எழுதி வச்சுடுவாரு. வண்டியப் புடுங்கிட்டு என்னை டிப்போவக் கூட்ட விட்ருவாங்க. செக்கப் முடியட்டும், போறேன். உம்மேல சத்தியம்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது வேறு. பணிமனை மருத்துவ அறையில் தொங்கும் எழுத்துப் பலகையை விற்றது எங்கள் கடைதான். எங்களிடம் இருப்பதும் அதுவும் ஒன்று. அது அவனுக்கும் தெரியும்.

மனசு கேட்கவில்லை. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்த மாதிரி, திரையை இழுத்துவிட்டு, ஏழு வரிகளையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரியில் இரண்டு முறை தடுமாறினான். திருத்தினேன். "ரொம்ப வேகமா சொல்லாதே, சந்தேகம் வரும்" என்று புத்தி வேறு சொன்னேன்.

தேறிவிட்டான். டாக்டரிடம் போகவில்லை. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஐந்து வாரம் ஓட்டினான். அந்த ஐந்து வாரமும் அவன் வண்டியில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் நிறைந்திருந்த வண்டியை அவன் ஓரம் கட்டினான். கண்டக்டர் ஓடிவந்து என்ன என்று கேட்க, "எல்லாரையும் எறக்கிடு. எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியல" என்றானாம்.

கண் டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். நானும் தம்பி மனைவியும் நின்றுகொண்டிருந்தோம்.

"உள்ள இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் முடிச்சு முடிச்சா வீங்கிக் கெடக்கும்மா. நெறைய எடத்துல கசிஞ்சிருக்கு. இது கண்ணுல ஆரம்பிச்ச வியாதி இல்ல. ரத்தத்துல ஏதோ கோளாறு. உடனே அட்மிட் பண்ணுங்க."

மறுநாள் ரத்த நோய் மருத்துவர் விளக்கினார். ரத்தத்தில் ஒரு வகை அணுக்கள் கட்டுமீறிப் பெருகி, ஒரே மாதிரிப் புரதத்தை அளவில்லாமல் சுரக்கின்றன. அதனால் ரத்தம் பாகு போலக் கெட்டியாகிவிட்டது. மூக்கில் வந்ததும் களைத்துப்போனதும் அதனால்தான். கண்ணுக்குள் இருக்கும் நூல் மாதிரிக் குழாய்களால் அந்தப் பாகைத் தள்ள முடியவில்லை.

"அபூர்வமான வியாதி. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர்ல மூணு பேருக்கு வரும்" என்றார்.

"பைலட்டுக்கு எப்பவும் முன் சீட்டுதான் சார்" என்றான் தம்பி. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தத்தை வெளியே இழுத்து, கெட்டியான நீரை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைப் புது நீரோடு உடம்புக்குள் அனுப்புகிற இயந்திரத்தில் அவனை இணைத்தார்கள். களைப்பு குறைந்தது. மூக்கில் ரத்தம் நின்றது. வலது கண்ணில் கை அசைவது மட்டும் நிழலாகத் தெரிந்தது. இடது கண் திரும்பவே இல்லை.

"மொதல்ல மங்கினப்பவே வந்திருந்தா பார்வையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் மருத்துவர். சாதாரணமாகத்தான் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் தம்பி மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், தலைதலையாக அடித்துக்கொள்வாள், இனி வாசல்படி ஏறாதே என்பாள் என்று நினைத்தேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"குளிக்கும்போது ஏதோ எழுத்தெழுத்தா சொல்லிக்கிட்டே இருந்தாரு. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். செக்கப்புக்குத்தான்னு புரிஞ்சுது. வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு நானும் வாயத் தெறக்கல."

இரண்டு பேரும் அழவில்லை. பாரத்தை அவள் பாதி வாங்கிக்கொண்டால் எனக்குப் பாதி குறைய வேண்டுமே! குறையவில்லை. இரண்டு பேருக்கும் முழுசு முழுசாகவே இருந்தது.

அடுத்த மாதம் பணிமனைக்கு அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். சீருடையையும் பேட்ஜையும் ஒப்படைக்க வேண்டும். கிளார்க் காகிதத்தை நீட்டி, தம்பியின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி, அச்சடித்த எழுத்துகளின் மேல் ஓடியது. "போதும் பைலட், இது போதும்" என்று அவர் அவசரமாகக் காகிதத்தை மூடிவிட்டார். பழைய சிநேகிதர்கள் சுற்றி நின்றார்கள்.

கடையில் பவர் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதலாளியிடம் முட்டிவலி என்று சொல்லி, ஃப்ரேம் விற்கிற பக்கம் மாறிக்கொண்டேன்.

மாத்திரையோடு இயந்திரமும் தொடர்கிறது. மாதத்துக்கு ஒரு நாள் நான்தான் அவனுடன் போகிறேன். போன முறை அவன் இரண்டு கைகளிலும் குழாய் ஏறியிருக்க, சாய்நாற்காலியில் படுத்திருந்தான்.

"ரத்தம் கட்டுக்குள்ள வந்துடுச்சாம்க்கா. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட இருப்பேனாம். டாக்டர் சந்தோஷமா சொல்றாரு."

"நல்லதுதானடா."

"இருந்து?"

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே தொங்கிய பையில் மஞ்சள் நீர் மெல்ல நிறைந்தது. என்னைக் குற்றம் சொல்லி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேசியிருந்தால் காலில் விழவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அவன் முகம் நான் உட்கார்ந்திருந்த பக்கம் இல்லாமல் சற்றுத் தள்ளி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது.

"அக்கா, இருக்கியா? சத்தத்தையே காணோம்."

"இருக்கேன்" என்றேன்.