நல்லசாமி, ந.

நவமணி என்னை அறைந்தபோது நான் ஒரு மேற்கோள் பட்டியலின் முப்பத்தொன்றாவது குறிப்பில் இருந்தேன். யாரோ ஒரு பேராசிரியரின் புத்தகம். ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட்டு முற்றுப்புள்ளி வைக்கப் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறவர்கள் கதவைச் சாத்தினால் வெந்து போவார்கள். உள்ளே வந்தவள், "நீங்கதானே லீலாவதி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த நொடி என் மூக்குக்கண்ணாடி சுவரில் மோதி உடைந்து விழுந்தது. காதுக்குள் ஒரே இரைச்சல்.

அடித்த கையை உதறிவிட்டு, செய்தித்தாள் சுற்றிய நீளமான ஒன்றை மேசையில் வைத்தாள். தாள் கிழிந்திருந்த இடத்தில் பாராங்குக் கத்தியின் விளிம்பு தெரிந்தது. தோட்டத்தில் அதை வைத்துப் புல்லும் வெட்டுவார்கள், ஆளையும் வெட்டுவார்கள்.

"நான் நவமணி. நல்லசாமி மக" என்றாள்.

அந்தப் பெயர்களை எங்கே பார்த்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் தொழிலைச் சொன்னால் என் அண்ணனுக்கே விளங்காது. விரிவுரையாளர்கள் கட்டுரை எழுதுவார்கள். அதன் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் என்னிடம் வரும். எந்தப் புத்தகம், எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எங்கே காற்புள்ளி, எங்கே சாய்வெழுத்து என்று சரிசெய்து கொடுப்பேன். ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒரு சட்டம். மாமியார் வீட்டுச் சட்டம் மாதிரிதான், காரணம் கேட்கக்கூடாது.

அந்த விரிவுரையாளர்களில் ஒருவரான உமாபதி சார் தோட்டங்களில் நடக்கும் அடிதடியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதில் கோகிலனின் சாவும் இருந்தது. சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், லோரி ஓட்டிய கோகிலனை, சம்சு என்கிற கள்ளச்சாராயம் விற்கிற தேவனும் அவன் ஆட்களும் இரும்புக் குழாயால் அடித்தே கொன்றார்கள். குடிபோதையில் கால்வாயில் விழுந்து செத்தான் என்று தோட்டமே சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், எல்லோரும் சேர்ந்தே பரிமாறினார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த நவமணி அதை முழுக்கப் பார்த்திருந்தாள். ஓராண்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், உமாபதி சார் கேட்டபோது கொட்டிவிட்டாள். பெயரை மறைத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம், என் பேரையே போடுங்கள் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். தன் அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆய்விதழில் நேர்காணல் கொடுத்தவர்களும் பட்டியலில் வரவேண்டும். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயருக்கு முதலெழுத்து மட்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது அப்பா பெயர். முதல்முறை நவமணி என்றுதான் அனுப்பினேன். குடும்பப் பெயர் எங்கே என்று சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிவிட்டார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என்றால் நாலு பக்கம் எழுதிச் சண்டை போட்டிருப்பேன். இப்போது சலித்துவிட்டது. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினேன். அறுபத்திரண்டு பெயர்களும் ஒரே மூச்சில் புரண்டு படுத்தன. நவமணி போய் 'நல்லசாமி, ந.' வந்தது. கட்டுரைக்குள்ளும் 'நேரில் பார்த்ததாக நல்லசாமி கூறுகிறார்' என்று ஆனது. அதைப் பார்த்தேன். அது அப்பா பெயர் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்று அனுப்பிவிட்டேன்.

படித்தான். தேவனின் அக்காள் மகன் காலேஜில் படிக்கிறவன். அந்தப் பக்கம் படமாகிக் கைப்பேசி கைப்பேசியாகத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்லசாமி லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஐந்து பேர் வந்தார்கள். கோகிலனைப் பற்றி ஏண்டா வாயைத் திறந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். நான் எதையும் பார்க்கவில்லையே என்றிருக்கிறார் அவர். சத்தியமான வார்த்தை. முழங்காலில் குழாய் இறங்கியது. விழுந்தவரின் முகத்துக்கு நேரே தேவன் கைப்பேசியைப் பிடித்து, அதிலிருந்ததைத் தமிழில் சொல்லியிருக்கிறான். தொட்டிப் பக்கம் துணி அலசியபோது பார்த்தாயாமே, எத்தனை அடி என்று எண்ணிக்கூடச் சொல்லியிருக்கிறாயே என்று. நல்லசாமி பிறந்ததிலிருந்து தொட்டிப் பக்கம் துணி அலசியதில்லை. அலசுகிறவள் யார் என்று அவருக்குத் தெரியும். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாராம். லோரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு தொழிலாளி பிறகு நவமணியிடம் சொன்னது இது.

"அப்புறம் எங்கப்பா, ஆமா, நான்தான் சொன்னேன்னு சொல்லியிருக்காருக்கா" என்றாள் நவமணி. அழவில்லை. "தெரியாதுன்னு சொன்னப்ப முட்டிய ஒடச்சாங்க. தெரியும்னு சொன்னப்ப கைய வெட்டிட்டாங்க. கட்டவிரலு மட்டுந்தான் மிச்சம்."

என் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு அறை விழுந்தால் நல்லது என்று தோன்றியது, விழவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். நானோ இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து காற்புள்ளி வைத்தவள்.

உமாபதி சாரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். பட்டியல் போட்ட அம்மாதான் தவறு செய்துவிட்டார் என்று இவளை என்னிடம் அனுப்பியவரே அவர்தான். இப்போது குரலைத் தாழ்த்தி, எதையும் மாற்றாதீர்கள் என்றார். மாற்றினால் உண்மைச் சாட்சி யார் என்று தேவனுக்குத் தெரிந்துவிடும் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்த நல்லசாமியும் மகளிடம் அதைத்தான் சொன்னாராம். என் பேரே இருந்துட்டுப் போகட்டும் என்று.

"பாத்தது நானு. சொன்னது நானு. வெட்டு மட்டும் அவருக்கா?" என்றாள் நவமணி. "என் பேர போடுங்க."

"போட்டா அடுத்து உன்னத்தான் தேடி வருவாங்கம்மா."

"வரட்டும் லா."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த பாராங்கைப் பார்த்தாள்.

சாருடைய கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. அவர் மகளின் பிறந்தநாள். ஆய்விதழின் திருத்தப் படிவத்தைத் திறந்தேன். எழுந்து மின்கம்பியைப் பிடுங்கியிருக்கலாம், இணையம் வேலை செய்யவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தகப்பன் ஒரு கையையே கொடுத்து மறைத்ததை நான் திறந்துகாட்டப் போகிறேன். ஆனாலும் ஒருமுறை இவள் பெயரை நான் எடுத்துவிட்டேன். இரண்டாவது முறை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நாற்காலியை அவளிடம் தள்ளினேன்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர். இரண்டின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரம். முதல் கட்டத்தில் ஒற்றை விரலால் தேடித் தேடி நவமணி என்று அடித்தாள். இரண்டாவதைக் காலியாக விட்டு அனுப்பப் பார்த்தாள். படிவம் மறுத்துச் சிவந்தது. அங்கே என்ன வரவேண்டும் என்று என்னைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அதிலும் நவமணி என்றே அடித்தாள். இப்படி ஒரு குறிப்பை நான் எந்தப் பட்டியலிலும் விட்டதில்லை. விட்டேன். அவள் அழுத்தினாள். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று திரையில் வந்தது.

எழுந்து பாராங்கைத் தூக்கினாள். செய்தித்தாள் முழுக்கக் கிழிந்துவிட்டது. வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்தில் சாருடைய பட்டியலின் அச்சுப்படிதான் கிடந்தது, ஏழு தாள்கள். அவளே எடுத்துச் சுற்றினாள். அவிழ்ந்துவிடாமல் இருக்க ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

சன்னலில் நின்று பார்த்தேன். கீழே புரோட்டா மாவை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் கூடையில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைக்கவசத்தின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வண்டி சாலையில் ஏறியதும் காற்றில் மேல்தாள் மட்டும் பிரிந்து படபடத்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துகள் தெரியவில்லை. வரிவரியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, நான் அடுக்கிய பெயர்கள் போய்க்கொண்டிருந்தன.