சுட்ட ஆரஞ்சில் வந்த வாசம்

என் மூக்கு செத்து மூன்று வருடமாகிறது. கொரோனா இரண்டாம் அலையில் எனக்கும் என் வீட்டுக்காரர் தனபாலுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. நான் வீட்டோடு கிடந்து எழுந்துவிட்டேன். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோராம் நாள் போன் வந்தது. உடம்பை வீட்டுக்குத் தர முடியாது என்றார்கள். மகன் சிவக்குமார் மட்டும் சுடுகாட்டில் தூரமாக நின்று பார்த்தான். எனக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குழம்பு அடிப்பிடிப்பது தெரியவில்லையே என்றெல்லாம் எனக்குக் கவலை கிடையாது. பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். அவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் பையில் கட்டி பீரோவில் வைத்திருந்தேன். ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். டீசலும் கிரீஸும் வியர்வையும் சேர்ந்த ஒரு வாசம் அவருக்கு. சட்டையிலிருந்து அது போவதற்குள் ஒரே ஒரு தடவை மோந்து பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

போன தையில் மருமகளாக வந்த தனப்பிரியா நர்ஸ். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அவள்தான் இந்த ஆரஞ்சைக் கொண்டுவந்தாள்.

"ஆரஞ்சைச் சுட்டுத் தின்னா மூக்கு திரும்பும்னு வீடியோல சொல்றாங்க அத்தை. நெசமோ பொய்யோ தெரியாதுங்க. ஆனா தினம் ரெண்டு வேளை எதையாச்சும் மோந்து பழகுனா நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க."

அவளுக்குச் சீராக வந்த ஓவன் சும்மாதான் கிடந்தது. பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, சுளைகளைக் கத்தி முனையால் கீறிவிட்டு, நாட்டுச்சக்கரை, பட்டைத்தூள், நுணுக்கிய மிளகு, ஒரு சிட்டிகை சுக்கு, துளி உப்பு தூவ வேண்டும். கீழ்க்கம்பியை அணைத்து மேல்கம்பியை மட்டும் போட வேண்டும். சக்கரை உருகிக் கொப்புளிக்கும். சுளை ஓரம் சிவந்து தோல் விளிம்பு கருகத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். மூக்குள்ளவள் அடுத்த ரூமில் இருந்தே வாசம் பிடித்து ஓடிவருவாள். நான் கண்ணாடிக் கதவு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன்.

"என்ன படமுங்க அத்தை ஓடுது?" என்று கேலி பண்ணுவாள்.

இருபது நாள் ஒன்றுமில்லை. நாக்கில் இனிப்பும் காரமும் சூடும் தெரியும், அவ்வளவுதான். பிறகு தனப்பிரியா எடப்பாடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். சிவக்குமார் ரிக்கோடு சத்தீஸ்கரில் இருந்தான். தனியாக இருந்த அன்று காலை தட்டை முகத்துக்குப் பக்கம் கொண்டுபோனேன். குப்பென்று ஏறியது ஒரு வாசம்.

தட்டைப் போட்டுவிட்டு பீரோவுக்கு ஓடினேன். பையை அவிழ்த்து முகத்தைச் சட்டைக்குள் புதைத்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் துணி. மூன்று வருடம் கட்டிக் காத்ததற்கு இதுதானா என்று உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. தட்டில் வந்தது ஆரஞ்சு வாசமே இல்லை. புதுப் பிளாஸ்டிக் நெடி, அதோடு பிளீச்சிங் பவுடர் மாதிரி கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி. சக்கரையில் கோளாறு என்று மாற்றினேன். பட்டைக்குப் பதில் கிராம்பும் ஏலக்காயும் போட்டேன். ஆரஞ்சை விட்டுச் சாத்துக்குடியைச் சுட்டேன். எதைச் சுட்டாலும் அதே நெடி. வேறெந்த வாசமும் எனக்கு வரவில்லை.

நான்காம் நாள் அது தட்டை விட்டு நகர்ந்தது. தட்டை மோந்தேன், இல்லை. இரண்டடி பின்னால் போனேன், இருந்தது. சமையல்கட்டைத் தாண்டி, கொல்லைக் கதவைத் தாண்டி, குளியலறை வாசலில் போய் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. எனக்குப் பயம்தான். பொய் சொல்வானேன்?

மறுநாள் காலையும் சுட்டேன். சுடாமல் இருக்க முடியவில்லை. அப்போதுதான் தனப்பிரியா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். நான் கொல்லையில் நிற்பதைப் பார்த்து அங்கேயே வந்தவள், குளியலறை வாசலில் சட்டென்று நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். இந்த நெடியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

"அத்தை, இது எப்படிங்க இங்க?"

"எது சாமி?"

"கொரோனா வார்டுல எறந்தவங்களைச் சுத்துவோமுங்க, அந்த ஜிப்பு வெச்ச கவரு. மேல மருந்தடிச்சா இப்படித்தான் அடிக்கும்." அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னால இதை மறக்கவே முடியாதுங்க."

எனக்கு அந்த நிமிடம் பயம் விட்டுப்போனது. ரிக்கிலிருந்து வந்தால் அவர் முன்வாசல் வழியாக வரவே மாட்டார். கொல்லைப் பக்கமாக வந்து, மேலெல்லாம் மண்ணோடு இதே இடத்தில் நின்று, தண்ணி காஞ்சுதா என்று கேட்பார். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். வந்துவிட்டாரே என் சாமி! நான் சுடுதண்ணியை எடுத்துவந்து வாளியில் விளாவினேன். துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

"ஏனுங்க, தண்ணி ரெடியா இருக்குதுங்க" என்றேன்.

நெடி நகரவில்லை. எப்படி நகரும்? அந்தக் கவரைச் சுற்றிக்கொண்டு மனிதர் எப்படிக் குளிப்பார்?

"கண்ணு, அந்த ஜிப்பை எந்தப் பக்கமா மூடுவீங்க?"

தனப்பிரியா அழ ஆரம்பித்தாள். "காலுல இருந்து இழுத்துட்டு வந்து, மூஞ்சியக் கடைசியா மூடுவோமுங்க அத்தை."

"அப்ப திறக்கறது மேல இருந்துதான? எனக்குப் பழக்கமில்லை. நீ திற சாமி."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, நெடி அடர்ந்து நின்ற இடத்தில், தன் தலைக்கு மேலே கையை உயர்த்தினாள். இரண்டு விரலால் எதையோ பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள். நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் கை நின்றது. அவள் இழுக்கிறாள், கை வரவில்லை.

"மாட்டிக்கிச்சுங்க அத்தை" என்றாள்.

"மெதுவா இழு கண்ணு" என்றேன். "மாமாவுக்கு வலிக்கப் போகுது."