பின் சக்கரத்துக்குள் இருந்தது

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போதே, பின் சக்கரத்தைக் கழற்றாமல் தப்பிக்க வழியுண்டா என்று பார்த்தான் தம்பிக்காரன். பின் டயரில் பொடி ஆணி ஒன்று ஏறி, காற்று முழுக்க இறங்கிப் போயிருந்தது. பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்கு வரமாட்டாராம். சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தால் ஒட்டித் தருவாராம். உடனே அக்காவின் கணவர் இவனுக்கு ஃபோன் போட்டுவிட்டார். "மாப்ளே, இன்னிக்கு உனக்கு லீவுதானே, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். நீ சொல்லச் சொல்ல நான் கழட்டறேன்."

வராமல் இருக்க முடியுமா? வண்டியே அவன் கொடுத்ததுதான். புதுசு வாங்கியதும் பழையதை அக்கா வீட்டுக்குத் தந்துவிட்டான். அதுவரை தன் தையல் கடைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த மாமா, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஆசை ஆசையாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

கொடுப்பதற்கு முந்தின நாள் ஒரு திருட்டுவேலை நடந்தது. செயின் இழுக்கும்போது அதிர்வைத் தாங்கிக்கொள்ள, பின் சக்கரத்தின் நடுவே ரப்பர் கட்டிகள் இருக்கும். கப்ளிங் ரப்பர் என்பார்கள். அவை தேய்ந்து துண்டு துண்டாகியிருந்தன. கடையில் கேட்டால் சரக்கு இல்லை, நாளை மறுநாள் வா என்றார்கள். நம் ஆளுக்கு அவ்வளவு பொறுமை ஏது? வீட்டில் கிடந்த பழைய ரப்பர் செருப்பை வெட்டித் திணித்து, சக்கரத்தை மாட்டிவிட்டான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். சத்தியமாக நினைத்தான். அந்தப் பிறகுதான் வரவேயில்லை.

கொஞ்ச நாளில் செருப்புத் துண்டுகள் நசுங்கிவிட்டன. கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் வண்டி டொக்கென்று ஒரு குதி குதித்தது. "ஏன் மாப்ளே இப்படித் தூக்கிப் போடுது?" என்று மாமா கேட்டபோது, சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் செருப்புக் கதையைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "கிளட்ச்சைப் பொறுமையா விடணும் மாமா. புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்றோடு அவருக்குத் 'தவளை டிரைவர்' என்று பெயர் வந்தது. ஒருநாள் சிக்னலில் வண்டி குதித்ததில் அக்கா பின்னாலிருந்து சரிந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள்.

"மாமா, நீங்க உள்ள போய் உக்காருங்க. கையெல்லாம் கிரீஸாயிடும். நான் பாத்துக்கறேன்."

"கிரீஸுக்குப் பயந்தா முடியுமா? ஓட்டத்தான் வரல, கழட்டவாவது கத்துக்கறேனே."

இப்படிச் சொல்பவரை என்ன சொல்லி எழுப்புவது? அவர் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரேக் கம்பியின் நட்டைக் கழற்றி, தன் தையல் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த லைனிங் துணியில் வைத்தார். கழன்று வருகிற ஒவ்வொன்றையும் அதே வரிசையில், பட்டன் தைக்கிற நிதானத்தோடு அடுக்கினார். ஆக்சில் நட்டு மட்டும் இறுகிக் கிடந்தது. அது வராமலே போகட்டும் என்று தம்பிக்காரன் மனத்துக்குள் வேண்டிக்கொண்டான். நட்டுக்கு இவன்மேல் என்ன பாசம்? மாமா ஸ்பேனரில் காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார், சுழன்று வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன், உங்க அக்காகிட்ட சொல்லிடாதே" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "தினமும் விடியறதுக்கு முன்னாடி மைதானத்துல போய் ஓட்டிப் பழகறேன். கிளம்பறது, நிக்கறது, மறுபடி கிளம்பறது. குதிக்காம ஓட்ட வந்துட்டா அவளைத் திரும்ப ஏத்திக்கலாம் பாரு. இத்தனை வருஷமா மெஷின் மிதிக்கறேன், நூல் கொஞ்சம் இழுத்தாக்கூடக் காலுக்குத் தெரிஞ்சிடும். இதுல மட்டும் ஏன் வரமாட்டேங்குதுன்னு தெரியல."

தம்பிக்காரனுக்குக் காது சூடானது. ஆளில்லாத மைதானத்தில் அவர் ஒற்றையாகக் கிளம்பிக் கிளம்பி நிற்பதை நினைக்கத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "ஆக்சிலை உருவுங்க மாமா" என்று மட்டும் சொன்னான். அவர் உருவினார். "சக்கரத்தை நான் இழுக்கறேன், விடுங்க" என்று இவன் குறுக்கே பாய்வதற்குள் அவரே வலப்பக்கமாக இழுத்துவிட்டார். சக்கரம் கழன்று வந்தது. அதன் நடுவிலிருந்து நீல நிறத் துண்டுகள் பொலபொலவென்று தரையில் விழுந்தன.

மாமா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வார் மாட்டுகிற ஓட்டை அப்படியே இருந்தது. "செருப்பு மாதிரி இருக்கே." ஓரத்தை விரலால் தடவினார். "வெட்டினவனுக்குக் கத்தரிக்கோலே பிடிக்கத் தெரியல. இது எதுக்கு இங்க?"

"அங்க ரப்பர் இருக்கணும் மாமா."

"இல்லேன்னா?"

"குதிக்கும்."

மாமாவின் முகம் சிவந்தது. அவரை அப்படி அவன் பார்த்ததே இல்லை. "வண்டி வந்த புதுசுல ஆயில் மாத்த விட்டேனே, அந்தத் தெருமுனை மெக்கானிக்! அவன் வேலைதான் இது. இரு, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து சட்டையை மாட்டினார். சத்தம் கேட்டு அக்காவும் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

சும்மா இருந்தால் போதும். 'நான் இல்லவே இல்லை' என்பார் மெக்கானிக், மாமா நம்பமாட்டார், பழி அங்கேயே தங்கிவிடும். மாமா வாசற்படி இறங்கும்வரை தம்பிக்காரன் சும்மாத்தான் இருந்தான். அதற்குமேல் முடியவில்லை.

"போகாதீங்க மாமா. அது என் செருப்பு. ரப்பர் கிடைக்கலன்னு நான்தான் வெட்டி வச்சேன். கிளட்ச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்."

"அடப்பாவி!" என்றாள் அக்கா. "தெரிஞ்சுக்கிட்டேவா எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சே?"

அவன், மாமா திரும்பி வருவதைப் பார்த்து, அறை விழட்டும் என்று கன்னத்தைக் காட்டுவதுபோல நின்றான். அவரோ சக்கரத்தின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ நீ ஓட்டினாலும் குதிக்குமா?"

"யார் ஓட்டினாலும் குதிக்கும் மாமா."

அவர் கிரீஸ் படிந்த தன் கைகளைப் பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். மாமாவின் முகத்தில் கோபத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் தம்பிக்காரனுக்கு அகப்படவில்லை. அதில் இருந்தது சந்தோஷம். அதை முழுசாக நம்பத் துணியாத சந்தோஷம்.

"நிஜமாவா மாப்ளே?" என்று கேட்டார். "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லலியே?"