காத்திருக்கக் கற்றுத்தரும் வகுப்பு

வீட்டில் அவனைச் சின்னவள் என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். மூத்தவள் கல்யாணமாகிப் போன பிறகும் அது மாறவில்லை. பதினாறு வயதில் ஒரு நாள் அம்மாவையும் அப்பாவையும் எதிரே உட்காரவைத்து, "நான் பொண்ணு இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. என்னைச் சின்னவன்னு கூப்பிடுங்க" என்றான். அழுகையும் கதவடைப்பும் பேசாமடந்தை விரதமும் ஓய்ந்தபின், வீடு தனக்கென்று ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தது. 'சின்னது.'

"சின்னது சாப்பிட்டுச்சா?" "சின்னது வந்தாச்சா?"

நாய்க்குட்டிக்கும் நாற்காலிக்கும் பொருந்துகிற அந்த அஃறிணைக்குள் அப்பா நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா இன்னும் கெட்டிக்காரி. 'டி'யும் இல்லாமல் 'டா'வும் இல்லாமல், "இந்தா", "இங்க பாரு", "உன்னைத்தான்" என்றே காலத்தை ஓட்டினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெரியாததைத் தொடாமல் சுற்றிப் போவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று சொல்லவேண்டும், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவரும் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற பிரிவில் அவன் பெயரைப் பதிந்துவிட்டு, "இனி அவங்க பாத்துப்பாங்க" என்று கையைக் கழுவினார், குழாயைத் திறந்து நிஜமாகவே.

அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தை என்னவென்று சொல்வது. எப்போது போன் போட்டாலும் ஒரே பதில். "உங்க முறை வரும்போது நாங்களே கூப்பிடுவோம்." அந்த 'நாங்களே'வில்தான் எத்தனை தாராளம்! நீ சிரமப்பட வேண்டாம், தொந்தரவும் செய்ய வேண்டாம், இருக்கிற இடத்தில் கிட என்று அர்த்தம். ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. ஆஸ்பத்திரிக்கு அவசரமில்லை, உடம்புக்கு இருந்தது. யார் அனுமதியும் கேட்காமல், எந்த வரிசையிலும் நிற்காமல், அவனுக்கு வேண்டாததையெல்லாம் அது ஒழுங்காகச் செய்துகொண்டே போனது. அவன் இறுக்கமான பனியனை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு நடக்கப் பழகினான்.

இதற்கு மேல் சித்தப்பா. "காத்திருக்கிறது நல்லதுதான். அதுக்குள்ள மனசு மாறிடும் பாரு" என்று வந்த போதெல்லாம் சொல்லுவார். சித்தப்பாவின் பொறுமை ஊரறிந்தது. லிஃப்ட் வரத் தாமதமானால் பொத்தானைக் குத்துக் குத்தென்று குத்துவார். தன் முழங்காலை மாற்றிக்கொள்ள, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பிடித்து, அடுத்த மாதமே கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டவர்.

"உங்க முட்டியும் கொஞ்சம் பொறுத்திருந்தா மனசு மாறியிருக்குமே சித்தப்பா" என்றான் சின்னவன் ஒருநாள். அதன்பின் அவர் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. காத்திருந்த காலத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம்.

பள்ளி முடிந்ததும் ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தான். முன்னால் உட்கார்ந்து போன் எடுப்பது, வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, பூனைகளைப் பிரித்து உட்காரவைப்பது. டாக்டரம்மா முதல் நாளே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், "தம்பி, அந்தக் கூண்டைத் தூக்கிட்டு வாங்க" என்றாள். கூண்டின் கனமே அவனுக்குத் தெரியவில்லை.

அங்கே யாரும் காத்திருப்பதில்லை என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல். ஒரு கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது என்று காலையில் போன் வந்தது. மத்தியானத்துக்குள் டாக்டரம்மா பார்த்து, பறவைகளுக்கென்றே இருக்கும் இன்னொரு டாக்டரை வரவழைத்து, கிளிக்கு மனசு சரியில்லை என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கிளியின் வார்த்தையைச் சந்தேகிக்கவில்லை. நிஜமாகவே நீ கிளிதானா, எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது என்று கேட்கவில்லை. அன்று மாலை ரசீதை நீட்டும்போது சின்னவன் அந்தக் கிளியை முறைத்தான். அது அவன் விரலைக் கடித்தது.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், மூட்டை பிரித்துத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். கண் விழித்தபோது நாய்களைக் கிடத்தும் மேசைமேல் கிடந்தான். டாக்டரம்மா மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்திருந்தாள்.

"எத்தனை பனியன் தம்பி போட்டிருக்கீங்க?"

அவன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நாயை யாராவது இப்படிக் கட்டி வச்சிருந்தா, நான் அவங்களைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருப்பேன். மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்க எனக்கு உரிமையில்ல. ஆனா மூச்சு விடுங்கன்னு சொல்ல உரிமை வேண்டாம். உள்ள போய், ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கழட்டுங்க. வேலை நேரத்துல இந்தத் தொளதொளக் கோட்டைப் போட்டுக்கலாம், யாரும் ஒண்ணும் பாக்க மாட்டாங்க." தன்னுடைய பச்சைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாங்களே கூப்பிடுவோம் என்றவர்கள் கூப்பிட்டேவிட்டார்கள்! வியாழக்கிழமை காலை வரவேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூட வரலாம். மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். அவன் போனைப் பிடித்தபடி நாய்க்கூண்டுகளுக்கு நடுவே நின்று சிரித்தான். இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்து குரைத்தன.

வியாழக்கிழமை அம்மா பள்ளிக்கு லீவு சொன்னாள். அவன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டாள். பஸ் ஓட்டும் அப்பாவுக்கு ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியவில்லை. கிளம்பும்போது தன் இடுப்பிலிருந்த பெல்ட்டை உருவி, "சட்டையை உள்ள விட்டுக்கிட்டு இதைப் போடு. ஆம்பளை மாதிரி இருக்கணும்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேன்டைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் அவர்களை டாக்டர் அறைக்கு அனுப்பவில்லை. கடைசி மாடியில் ஒரு கூடத்துக்கு அனுப்பினார்கள். நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. இவனைப்போல் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்தவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு. கழுத்தில் அட்டை தொங்கும் ஒரு பெண், தொட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கும் குரலில் வரவேற்றாள்.

"எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். காத்திருப்பை எப்படி நம்ம நண்பனாக்கிக்கலாம்? இன்னைக்கு அதைத்தான் பாக்கப்போறோம்."

சின்னவனுக்கு முதலில் காது சரியில்லையோ என்று தோன்றியது. பக்கத்து நாற்காலியில் ஒரு நெட்டைப் பெண். கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி வைத்திருந்தாள். அவள் 'களுக்'கென்றாள்.

பயிற்சியம்மா எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். நிறையத் தண்ணீர் குடிக்கலாம், நடக்கலாம், செடி வளர்க்கலாம், செல்லப்பிராணிகளோடு நேரம் செலவழிக்கலாம் என்றாள். செல்லப்பிராணிகளோடு நாள் முழுக்கச் செலவழித்து விரலில் கடியும் வாங்கியவனுக்கு இந்த இடத்தில் கண் தானாகத் திறந்துகொண்டது.

"அப்புறம், அடிக்கடி இங்க போன் பண்ணிக் கேக்கிறதைக் குறைச்சுக்கலாம். கேக்கக் கேக்க உங்களுக்குத்தான் பதற்றம்."

"டாக்டர் எப்ப பாப்பாரு?" என்றான் சின்னவன்.

"இந்தக் கூட்டம் அதைப்பத்தி இல்லப்பா."

"எந்தக் கூட்டம் அதைப்பத்தி?"

"அது வேற பிரிவு."

நெட்டை இப்போது வாயைத் திறந்தாள். அடித்தொண்டையிலிருந்து கனமான குரல் வந்தது. பேசும்போதே அந்தக் குரலை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "எங்கம்மா இங்க என் பேரைப் பதிஞ்சப்ப எனக்குக் குரல் உடையல மேடம். சீக்கிரம் பாத்தா உடையாமத் தடுக்கலாம்னு சொன்னாங்க. நாங்களே கூப்பிடுவோம்னும் சொன்னாங்க. இப்ப கேளுங்க, எப்படி இருக்குன்னு."

சுவரோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பயிற்சியம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா. அந்த உணர்வை நாம எல்லாரும் சேர்ந்து ஒரு படமா வரையலாமா?" என்று கலர் பென்சில் டப்பாவை எடுத்தாள்.

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள். கடைசி வரிசைப் பிள்ளைகளை நடுங்கவைக்கிற எழுச்சி அது. சின்னவன் அதை வீட்டில் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷம். நானும் டீச்சர்தான். பாடமே நடத்தாம, பாடத்துக்குக் காத்திருக்கிறது எப்படின்னு ஒரு பாடம் நான் நடத்தினா, என்னைப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்களா? எம் பையன் லீவு போட்டுட்டு வந்திருக்கான். ராத்திரியெல்லாம் தூங்கல அவன். டாக்டரைப் பாக்கப்போறோம்னு சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தவன்கிட்ட கலர் பென்சிலைக் குடுக்கறீங்க! அவன் என்ன எல்.கே.ஜி.யா?"

எம் பையன். வந்திருக்கான். அவன். சின்னவன் குனிந்து பெல்ட்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் அழுதுவிடுவான், அழுதால் அதையும் வரையச் சொல்லுவார்கள்.

"டாக்டர் எங்க? இருக்காரா இல்லையா? அதையாவது சொல்லுங்க" என்றாள் அம்மா.

பயிற்சியம்மா டப்பாவை மூடினாள். தாலாட்டுக் குரல் போய்ச் சாதாரணக் குரல் வந்தது. "ஒருத்தர்தான் இருக்காரு. மத்தவங்க போனதுக்கப்புறம் யாரையும் போடல. உங்களைச் சமாதானப்படுத்தத்தான் என்னைப் போட்டிருக்காங்க. எப்ப கூப்பிடுவாங்கன்னு சத்தியமா எனக்கும் தெரியாதும்மா."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க மூச்சை இழுத்து விட்டிருக்க மாட்டோம்ல" என்றாள் நெட்டை. அந்தக் காலையில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தாள்.

வெளியே, அம்மா மாடி அலுவலகத்தில் யாரையோ பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். நெட்டை அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கம்மா சூப்பர்டா."

"இன்னைக்குத்தான். நேத்து வரைக்கும் நான் அஃறிணை."

"உன் குரல் எவ்வளவு மெல்லிசா இருக்கு! அதை எனக்குக் குடுத்துட்டு என்னோடத எடுத்துக்கோயேன். ரெண்டு பேருக்கும் டாக்டரே வேண்டாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான் வேலையானது. மத்தியானம் பிராணிகள் ஆஸ்பத்திரியை மூடிவைக்கும் நேரத்தில் நெட்டை வந்துவிடுவாள். பின்கட்டில் உட்கார்ந்து, அவள் குரலைத் தூக்கிப் பேசப் பழகுவாள், இவன் இறக்கிப் பழகுவான். "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம், உங்கள் முறை இன்னும் வரவில்லை" என்பதையே நூறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். அவள் உச்சத்துக்குப் போகும்போது நாய்கள் ஊளையிடும், இவன் அடியில் உறுமும்போது பூனைகள் கூண்டின் மூலைக்கு ஓடும். "ரெண்டு பேரும் என் நோயாளிங்களைக் கொல்லாதீங்க" என்று உள்ளேயிருந்து டாக்டரம்மா கத்துவாள். போகச் சொன்னதில்லை. மெல்ல மற்றப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். துணியை எப்படி வெட்டித் தைத்தால் நெஞ்சு வலிக்காமல் தட்டையாகத் தெரியும் என்று ஒருவன் காட்டினான். எந்த நாளில், எந்த எண்ணுக்கு, யாரைக் கேட்டுப் போன் போட்டால் 'நாங்களே' என்று தொடங்காமல் பேசுவார்கள் என்பதை அம்மா விசாரித்து வந்து எல்லாருக்கும் சொன்னாள்.

சின்னவனுக்கு முறை வந்தது அடுத்த வருஷம். அந்த ஒரே டாக்டர் கண்ணில் தூக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், பேச நேரமில்லாதவர். கேட்டதையெல்லாம் கேட்டார். ஹார்மோன் ஊசி தொடங்கலாம் என்றார். கடைசியில் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "காத்திருக்கும் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கீங்க. பலன் இருந்துதா?" என்றார்.

"இல்ல."

"அப்படிப் போட எடமில்லப்பா. இருந்துது, ரொம்ப இருந்துது, ரெண்டுல ஒண்ணுதான்."

"ரொம்பன்னு போட்டுக்கோங்க சார். பாவம், அவங்களாவது சந்தோஷமா இருக்கட்டும்."

நெட்டைக்கு முறை வரவில்லை. அவளுக்கு வேறொரு போன் வந்தது. இத்தனை நாள் பொறுமையாக இருந்த அனுபவசாலி என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வந்து நாலு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். கேட்ட இடத்திலேயே அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு யோசித்து, வருகிறேன் என்றாள். சின்னவனையும் இழுத்துக்கொண்டு போனாள். அவன் குரல் அப்போதுதான் பிசிறத் தொடங்கியிருந்தது. ஒரு வாக்கியம் பேசினால் நடுவில் இரண்டு தரம் வழுக்கிவிழும். அதற்காகவே அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான்.

அதே கூடம். நாற்காலி நிறையப் புதுப் பிள்ளைகள், பெஞ்சு நிறையப் பெற்றவர்கள். நெட்டை நடுவில் நின்று, கண்ணை யாரும் மூட வேண்டாம் என்றாள். இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று சின்னவனைச் சொல்லவைத்தாள். யாருக்குப் போன் போட வேண்டும், எப்படிக் கேட்டால் அசைவார்கள், மத்தியானத்தில் எங்கே வந்தால் ஆள் இருக்கும், எல்லாவற்றையும் கொட்டினாள். பின்னால் நின்ற பயிற்சியம்மா தடுக்கவில்லை. கலர் பென்சில் டப்பாவையும் எடுக்கவில்லை.

பெஞ்சிலிருந்த ஒரு தாய் கை தூக்கினாள். "அதெல்லாம் சரிம்மா. எப்பதான் கூப்பிடுவாங்க?"

"தெரியாதுங்க" என்றாள் நெட்டை. "எனக்கே இன்னும் கூப்பிடல. தெரியாதுன்னு உங்ககிட்ட மொதல்ல சொல்ற ஆளு நான்தான்."

அந்த அம்மாள் எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்து, தன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.