நெட்டையனுக்குப் போட்ட மார்க்

பட்டம் ஒன்று, அதைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் இரண்டு, ஒன்று நம் நாட்டில், ஒன்று வெளிநாட்டில். என் கடைக்குட்டி மகள் அதில் சேர்ந்தபோதே எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கடையை எவனும் கூட்டமாட்டான், அவன் கூட்டுவான் என்று இவன் இருப்பான் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

படிப்பு தண்ணீர்ப் பம்புகளைப் பற்றியது. நான் பம்பு ரிப்பேர்ப் பட்டறை வைத்திருப்பவன், பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். அவளோடு படிக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு என் பட்டறைக்கும் அனுப்புவார்கள். போன தடவை வந்தவன் அந்த நாட்டுக்காரன், ஒரு நெட்டையன். வாசலில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்ததே கிடையாது. ஆனால் மோட்டாரில் கை வைத்தால் தங்கமான வேலைக்காரன். அவனைப் போய் ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த நேரம் பார்த்துத்தான் படிப்பின் தரத்தைச் சோதிக்க ஒரு குழு வந்தது. அவர்கள் சரியென்றால்தான் பட்டம் இரண்டு நாட்டிலும் செல்லும். மகளுக்கு அந்த நாட்டில் வேலை தயாராக இருந்தது. பட்டம் செல்லாவிட்டால் வேலையும் இல்லை. பட்டறைக்காரன் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள்.

"அப்பா, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க," என்றாள் மகள்.

"எங்க கல்யாணத்துலயே வாயை மூடிட்டு உக்காராத மனுஷன்டி இவரு," என்றாள் என் மனைவி.

நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், எலும்பு வரை ஏசி. ஆசிரியர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. படிப்பை இங்கே கவனிக்கும் டை கட்டிய சார் கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். குழுத் தலைவி அந்த நாட்டு அம்மாள், நம் பேச்சை நன்றாகவே பேசினார். பயிற்சி எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கு என்றுதான் வாயெடுத்தேன். நாக்கு வேறு வழியில் போய்விட்டது.

"அந்த நெட்டையனை ஏம்மா ஃபெயில் பண்ணீங்க?"

நீங்கள் என்ன மார்க் போட்டீர்கள் என்றார். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து போனில் ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லச் சொன்னார்கள், ஐந்து என்றேன், அதற்கு மேல் இருந்தால் அதையும் கொடுத்திருப்பேன் என்றேன்.

அம்மாள் பேனாவை வைத்தார். "ஐயா, எங்க ஊர்ல ஒண்ணுதான் உசத்தி. அஞ்சுன்னா ஃபெயில்."

என் கையாலேயே பையனைக் கவிழ்த்திருக்கிறேன்.

டை சாரைக் கூப்பிட்டு, மார்க் முறையை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாராம். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பக்கத்து ஆசிரியரைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்தாராம். நான் அன்றே சொன்ன கூட்டாத கடைதான்.

விஷயம் தெரிந்ததும் மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் வேலையை நீங்களே கெடுத்துட்டீங்கப்பா," என்றதோடு சரி. முடிவு வரும்வரை வீட்டில் எனக்குத் தட்டு மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

முடிவு வந்தது. படிப்பு பாஸ், ஒரு நிபந்தனையோடு: இரண்டு நாட்டுக்கும் ஒரே மார்க் முறை, அதைப் பட்டறைக்காரர்களுக்கு விளக்க ஒரு ஆள். மகள் கத்திய கத்தலில் பட்டறைப் பையன்கள் ஓடிவந்தார்கள். நெட்டையனின் மார்க்கையும் திருத்திவிட்டார்கள். போனில் சிரித்துக்கொண்டே, வாசலை எப்போது உயர்த்துவீர்கள் என்று கேட்டான்.

எனக்கு அந்தப் படிப்பின்மேல் இன்னும் முழு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டாள். ஒண்ணு என்றேன்.

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "எந்த ஊர் கணக்குல?" என்றாள்.