விழுகிறவர்களுக்குப் பின்னால்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒழுங்காக விழக்கூடத் தெரியவில்லை, அதைத்தான் சொல்கிறேன், தீர்க்கதரிசி நெற்றியில் கை வைப்பதற்குள் பின்னால் ஆள் நிற்கிறானா என்று ஒரு ஓரப்பார்வை, புடவைத் தலைப்பை ஒரு இழுப்பு, செல்போனைப் பத்திரமாகக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு அப்புறம்தான் பரவசம், முழங்கால் மெதுவாக மடங்குகிறது, நாற்காலியில் உட்காருகிற மாதிரி... இதைப் பிடிக்க நான் ஒருத்தன் எதற்கு? கிடங்கில் மூட்டை தூக்கியே முதுகு தேய்ந்தவன் என்பதால் 'உங்கப்பாவுக்கு இன்னும் நல்ல தெம்பு இருக்கேம்மா' என்று தீர்க்கதரிசி என் மகளிடம் சொன்னார், மகள் என்னிடம் சொன்னாள், அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன், ஆக ஞாயிற்றுக்கிழமை காலையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்த ஜெபக்கூடத்துத் தகரக் கூரைக்குக் கீழே, விழுகிறவர்களுக்குப் பின்னால், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் எலக்ட்ரீஷியன், தலையில் ஒரு முடி கிடையாது, எல்லாரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "பெரியவரே, அடுத்து அந்த ஜவுளிக்கடை அம்மா. சேர்ந்து புடிப்போம், இல்லேன்னா நம்ம ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரில எழுப்புவாங்க." "வாயை மூடுய்யா." மூடிக்கொண்டு பிடித்தோம். தரையில் படுக்க வைத்து, காலுக்கு மேல் துணி போர்த்தி, அடுத்த ஆளுக்குப் பின்னால் போய் நின்றோம்.

நம்பாதவன் எதற்கு நிற்கிறாய் என்று யாராவது கேட்டால்... அந்தக் குழாய் விஷயம் இருக்கிறதே. வந்த புதிதில் மகள் தள்ளாத குறையாக என்னை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள், இந்தத் தீர்க்கதரிசி, என் மருமகன் வயதுகூட இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு, "தகப்பனே, குழாயைத் திறந்துவிட்டுட்டு அழாதீங்க, தண்ணி சத்தத்துக்குள்ளேயும் அவர் கேக்கிறார்" என்றார். மனைவி போனதிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான்... அது யாருக்குத் தெரியும்? 'நீ சொன்னியா' என்று மகளைக் கேட்டால் 'எனக்கே இப்பதான் தெரியும்பா' என்று அவள் அழுகிறாள். ஒரே வீடு, மெல்லிய சுவர், வாளி நிரம்பி வழிகிற சத்தம் யார் காதில்தான் விழாது, மருமகன் இங்கே கீபோர்டு வாசிக்கிறவர், அவர் சொல்லியிருப்பார்... சொல்லியிருப்பாரா? தாமதமாக வந்ததற்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று முழிக்கிற மனிதர். சரி, தீர்க்கதரிசி ஆள் எப்படி? குறை சொல்ல ஒன்றுமில்லை, கூட்டம் முடிந்ததும் நாற்காலியை மடக்கி அடுக்குகிறவரே இவர்தான், ஆஸ்பத்திரியில் கிடந்த வாட்ச்மேன் ஒருவருக்கு முகம் துடைத்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். எத்தனாக இருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். நல்லவன் தப்பாகச் சொன்னால் அதை எந்தக் கையால் பிடிப்பது?

மகளுக்கு வலிப்பு. பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்தது, வருவதற்கு முன்னால் ஒரு வாசனை வரும் அவளுக்கு, 'அப்பா, ஏதோ கருகுது' என்பாள், அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டோம், நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் பல் கிட்டிக்கொள்ளும். அப்புறம் மாத்திரை, விடாமல், வேளை தப்பாமல். மாத்திரை பிடித்துக்கொண்ட பிறகு வாசனையும் இல்லை, விழுவதும் இல்லை, கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. 'நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க' என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தீர்க்கதரிசி என்ன சொன்னார், போன மாதம், இதே இடத்தில், அவள் தலையில் கை வைத்து? "மகளே, உன் தலைமேல இருந்த கட்டு அறுந்துபோச்சு, இனி நீ விழமாட்டே." அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன், நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. 'அப்ப மாத்திரை?' என்று நானே போய்க் கேட்டதற்கு, "அது அவளோட விசுவாசம், தகப்பனே" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை மடக்கினார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அன்றிலிருந்து மாத்திரை டப்பாவைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்...

கீபோர்டு இறங்கிவிட்டது, ஒற்றை ஸ்வரத்தில் நிற்கிறது. தீர்க்கதரிசி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரகசியம் சொல்கிற குரலில், "இந்த இடத்துல ஒரு வாசனை இறங்குது. அவருடைய பிரசன்னத்தோட வாசனை. யாருக்கு அது வருதோ, எழுந்து வாங்க" என்றார். கூட்டம் முழுக்க மூக்கை இழுக்கிறது. "எனக்கு வர்றது உங்க சட்டை வேர்வைதான் பெரியவரே" என்றான் மொட்டை, அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி தரையில் உரசுகிற சத்தம், குழந்தையைப் பக்கத்து மடியில் வைத்துவிட்டு என் மகள் எழுந்து நிற்கிறாள், கையைத் தூக்குகிறாள், முகம் வெளிறி, கண் எதையும் பார்க்காமல், "எனக்கு வருது." அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. வாசனையா? வாசனை வருகிறதா உனக்கு? எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! இவர்களுக்கு அது பிரசன்னம், எனக்கு அது... கூட்டத்துக்குச் சொல்லலாமா, யார் கேட்பார்கள், இவ்வளவு சத்தத்தில் என் குரல் யார் காதில் ஏறும்? அவள் வரிசையில் வந்து நின்றாள், நான் மொட்டையைத் தள்ளிவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன், அவள் காதுக்குக் குனிந்து, "என்ன வாசனைம்மா, கருகுதா?" "பூ மாதிரிப்பா" என்றாள், திரும்பாமல். பூவா? கருகல்தானே வரும், பூ எப்போது வந்தது, அல்லது கருகலைத்தான் இப்போது பூ என்கிறாளா? தீர்க்கதரிசியின் கை அவள் நெற்றிக்கு வருகிறது, தொட்டதா தொடவில்லையா, அதற்குள் முழுப்பாரமும் என் நெஞ்சில். முழங்கால் மடங்கியதா? அதைத்தானே பார்த்திருக்க வேண்டும், எல்லாருக்கும் அதைத்தானே பார்க்கிறேன், அந்த நேரம் என் கண் அவள் தலை வகிட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது, பாரம் என்று மட்டும் தெரிந்தது, எந்தப் பாரம் என்று தெரியவில்லை.

படுக்க வைத்தேன். உதடு அசைகிறது, எதையோ மெல்லுகிற மாதிரி. "ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுறாங்க" என்று யாரோ அழுதுகொண்டே சொல்கிறார்கள், வலிப்பிலும் அவள் வாய் இப்படித்தான் மெல்லும், நான் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைக்கப் போனால் மருமகன் கீபோர்டை விட்டு ஓடிவந்து தோளைப் பிடிக்கிறார். "மாமா, தொடாதீங்க, ப்ளீஸ். ஆவியானவரோட கிரியை நடக்குது." "இது வலிப்புங்க மாப்பிள்ளை." "வாசனை வந்துச்சுன்னு அவளே சொன்னாளே மாமா." "அதனாலதான் சொல்றேன்." அவர் தோளை விடவில்லை, நானும் விடவில்லை, ஒருக்களித்துத்தான் படுக்க வைத்தேன். தீர்க்கதரிசி குனிந்து, மைக்கை அணைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயப்படாதீங்க தகப்பனே, எழுந்திருவா" என்றார். அவர் நெற்றியிலும் வேர்வை, குரலில் ஒரு பிசிறு. அந்தப் பிசிறு என்ன? அவருக்கும் தெரியாதா? எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மகள் கண்ணைத் திறந்தாள், நான் ஜவுளிக்கடை அம்மாவை இடித்துக்கொண்டு முன்னால் மண்டியிட்டு, "நான் யாரு? இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன், வலிப்பு முடிந்தால் கிழமை தெரியாது அவளுக்கு, தலைவலி என்று அழுவாள், அப்படியே தூங்கிப்போவாள். "என்னப்பா இது, ஞாயித்துக்கிழமைதானே" என்று சிரித்தாள். முகம் அப்படியே கழுவி வைத்த மாதிரி. மருமகன் அழுகிறார், "பாத்தீங்களா மாமா". அவள் எழுந்து உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "இனிமே இவளை நானே குளிப்பாட்டுவேன்பா, யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம், நீங்களும்தான்." நானும்தான். குழந்தைக்குத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்ள, அவள் குளிப்பாட்டுவது வழக்கம். "மாத்திரை?" என்றேன். "கேக்காதீங்கப்பா." "எப்போ நிறுத்தினே?" அவள் புருஷனைப் பார்த்தாள், புருஷன் தீர்க்கதரிசியைப் பார்த்தார், தீர்க்கதரிசி அடுத்த ஆளை அழைத்துவிட்டார், கீபோர்டு இல்லாமலே பாட்டு ஏறிவிட்டது. "பெரியவரே, வாங்க, ஆள் நிக்குது" என்றான் மொட்டை. நான் போகவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வெயில் கண்ணைக் குத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கடை எல்லாம் சாத்தியிருக்கிறது, தெருவில் ஒரு நாய்கூட இல்லை, என் செருப்புச் சத்தம் மட்டும். மனைவி இருந்தபோது போய்க்கொண்டிருந்த சின்ன சபையின் பாஸ்டரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன், இவன் மெய், இவன் பொய் என்று எப்படி ஐயா கண்டுபிடிப்பது என்று, 'சொன்னது நடக்குதான்னு பாருங்க' என்றார். பார்ப்பது என்றால்? காத்திருந்து பார்ப்பதா? என் மகளை அடுப்புக்கு முன்னாலும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னாலும் உட்காரவைத்து, கையில் குழந்தையையும் கொடுத்து, நடக்கிறதா பார்ப்போம் என்று நிற்பதா? இனி விழமாட்டாள் என்கிறார் அவர். விழுவாள் என்கிறேன் நான். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒரு மாதமாக வேறென்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்... அப்படியானால் நானும்தானே முன்கூட்டியே சொல்கிறவன், நான் சொன்னது பலிக்க வேண்டுமென்றால் அவள்... சே. உள்ளே, 'ஞாயித்துக்கிழமைதானே' என்று அவள் சரியாகச் சொன்னபோது எனக்குள் முதலில் வந்தது என்ன? சந்தோஷம்தான். சந்தோஷம்தானா? அதற்கு ஒரு கணம் முன்னால், மிகச் சின்னதாக, பந்தயத்தில் தோற்றவனுக்கு வருகிற மாதிரி ஒன்று வந்து போகவில்லையா? அதற்கு என்ன பெயர், பெற்றவனுக்கு அது வரலாமா? திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது, கால் திரும்பவில்லை. பூ வாசனையாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, அவர்மேலும் வரவில்லை, இந்த மனசின்மேலும் வரவில்லை. பின்னால் தூரத்தில் பாட்டு மறுபடி உச்சத்துக்குப் போயிற்று, யாரோ விழுந்திருப்பார்கள், யார் பிடித்தார்களோ. குளிப்பாட்டுகிற நேரத்துக்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டும். வேகமாக நடந்தேன்.